புற்றுநோய்ப் பராமரிப்பில் தாதியர் நோக்கு: சிசிலி சோண்டர்ஸின் பணி பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகியவற்றின் வளர்ச்சியையே புற்றுநோய் மருத்துவத்தின் வரலாறாகக் கொள்வது வழக்கம். குணப்படுத்த இயலாத நிலையை எய்திய நோயாளர் எவ்வாறு பராமரிக்கப்பட்டனர் என்னும் வினா அவ்வரலாற்றில் அருகியே இடம்பெறுகின்றது. அவ்வினாவுக்கு விடைகண்டோருள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சோண்டர்ஸ் (1918-2005). அவரது சாதனையின் ஊற்று தாதியர் பணியிலேயே உள்ளது என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டன் புனித தோமையார் வைத்தியசாலையின் நைற்றிங்கேல் பள்ளியில் தாதியாகப் பயின்ற சோண்டர்ஸ், முதுகு நோய் காரணமாக அப்பணியைக் கைவிட்டு, வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானார். அக்காலத்தில் அவர் கவனித்துவந்த டேவிட் தஸ்மா என்னும் போலந்து யூத அகதி, 1948இல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு 500 பவுணை விட்டுச்சென்றார். மரணத்தை எதிர்நோக்குவோருக்கென இவ்விருவரும் எண்ணிய இல்லத்துக்கு அதுவே முதற் கொடையாயிற்று.

அதன்பின் புனித லூக்கா இல்லத்தில் தொண்டராகப் பணிபுரிந்த சோண்டர்ஸ் அங்கு ஒரு வழக்கத்தைக் கண்டார். ஏனைய வைத்தியசாலைகளில் நோயாளர் வலியால் துடித்துக் கேட்ட பின்னரே மோபின் வழங்கப்பட்டது. இங்கோ அது குறித்த நேரந்தோறும் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. வலி மீளுமுன் மருந்து கிடைத்தமையால் நோயாளர் வலியின்றியும் தெளிந்த அறிவோடும் இருந்தனர். ஆயினும், தாதியொருவரின் அவதானம் வைத்தியருலகில் எடுபடாது என்பதை உணர்ந்த அவர், மருத்துவம் பயின்று 1957இல் வைத்தியரானார்.

1958 முதல் புனித சூசையப்பர் இல்லத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களை அவர் முறையாகப் பதிந்தார். மோபின் அடிமைத்தனத்தை விளைக்கும் என்ற அச்சம் இந்நோயாளரைப் பொறுத்தவரை ஆதாரமற்றது என்பதை அப்பதிவுகள் உணர்த்தின. நோயாளரின் சொற்களைச் செவிமடுத்ததன் பயனாக, உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பிணைந்த 'முழுமையான வலி' என்னும் கருத்தை 1960களில் அவர் வகுத்தார். தாதியர் சஞ்சிகைகளில் எழுதியும், நாடுகள்தோறும் உரையாற்றியும், நிதி திரட்டியும் இக்கருத்துக்காக வாதாடினார். அதன் விளைவாக 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. 1969இல் இல்லஞ்சென்று பராமரிக்கும் சேவையும் ஆரம்பமாயிற்று.

அவ்வில்லத்தின் ஆராய்ச்சி அதன் நிறுவுநரின் கருத்தையே சோதனைக்கு உட்படுத்தியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மோபினிலும் டயமோபினே சிறந்தது என அவர் எண்ணியிருந்தார். ரொபேட் ருவைகுரொஸ் 1970களில் நடத்திய ஒப்பாய்வு, முறையாக வாய்வழி கொடுக்கும்போது இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை எனக் காட்டியது. டயமோபின் தடைசெய்யப்பட்டிருந்த நாடுகளின் நோயாளருக்கும் இம்முடிவு வழிதிறந்தது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலி தணிப்பு வழிகாட்டி, வாய்வழியாகவும் நேரந்தவறாமலும் மருந்தளிப்பதை உலகப் பொதுநெறியாக்கியது.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. கருணையும் ஆராய்ச்சியும் வேறுவேறல்ல. நோயாளரின் அருகிருந்து கேட்டவை பதிவாகி, பதிவு ஆய்வாகி, ஆய்வு உரிமைக்குரலாக வளர்ந்தன. மோபின் கிட்டாத நாடுகள் இன்றும் பல உளவாதலின், அப்பணி முற்றுப்பெற்றதெனக் கூறுதல் இயலாது.