சோழவரத்து எஞ்சின்களும் நெல்லைச் சீமையும்

தாமிரபரணிக் கரையைப் பற்றி எழுதப் புகுவோர் நெல்லையப்பர் கோயிலில் தொடங்கி, கால்டுவெல், வ.உ.சி., புதுமைப்பித்தன் என்று நடந்து, அல்வாக் கடையில் இளைப்பாறுவது வழக்கம். தேய்ந்துபோன மோட்டார் எஞ்சினுக்கும் இச்சீமைக்கும் உள்ள உறவு இலக்கியக் கூட்டங்களில் பேசப்படும் பொருளன்று. நாம் இங்கே எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் அமைந்தது. போர் முடிந்தது, தளம் எஞ்சியது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள முறையான தடம் திறக்கப்படும் காலம்வரை தென்னாட்டின் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

அங்கே வெளிநாட்டுக் கார்களும் ஓடின. விஜய் மல்லையா பார்முலா ஒன் கார் ஒன்றையே கொண்டுவந்து ஓட்டியிருக்கிறார். ஆனால் நம் கவனத்துக்கு உரியவை அவையல்ல. இறக்குமதிக்கு உரிமமும் சுங்கமும் சுவராக நின்ற காலத்தில், ஊர்ச்சாலையில் ஓடிய பியட்டையும் அம்பாசடரையும் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பந்தயத்துக்குத் தீட்டியவர்கள் இருந்தார்களே, அவர்களுடைய எஞ்சின்களே நம் பேசுபொருள். புதிய எஞ்சின் வாங்குவது எளிதன்று. இருப்பதோ தேய்ந்தது. நீலப்புகை தள்ளும், ஆயில் குடிக்கும், மேடேறினால் மூச்சு வாங்கும். அதை எப்படிப் புதுப்பிப்பது?

இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதே இதன் சுவை. சிலிண்டர் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்தில் தேய்மானம் மிகுதி. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் அதனினும் மிகுதி. வட்டமாய் இருந்தது நீள்வட்டமாகும். நேராய் இருந்தது கூம்பும். தேய்மானம் சிறிதென்றால் புது ரிங்கும் பேரிங்கும் போட்டுத் தப்பிக்கலாம். இல்லையேல் கடைந்து பெரிதாக்கி, பெரிய பிஸ்டன் இட வேண்டும். பட்டறையில் இதற்குப் பெயர் ‘ரீபோர்’, சுருக்கமாகப் ‘போர்’. புறத்திணை படித்தவர் காதில் இது வேறொன்றாக ஒலிக்கும். வைக்கோற்போர் வேய்ந்தவர் காதில் இன்னொன்றாக ஒலிக்கும். வேர்ச்சொல் ஆராய்ச்சியை நண்பர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

பந்தயக்காரனுக்குப் போர் ஓர் ஆசையையும் கூடவே தருகிறது. துளை பெரிதானால் கொள்ளளவு கூடும். கொள்ளளவு கூடினால் வலு கூடும். பியட் 1100இன் துளை 68 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 75 மி.மீ., சிலிண்டர் நான்கு. கொள்ளளவு 1089 சி.சி. துளையைக் கால் மில்லிமீட்டர் பெரிதாக்கினால் ஏறத்தாழ 1097. அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 1105. போட்டிப் பிரிவின் வரம்பு 1100 சி.சி. என்று வைத்துக்கொள்வோம். முன்னது தன் பிரிவிலேயே நின்று போட்டியிடும்; பின்னது அடுத்த பிரிவுக்குத் தள்ளப்பட்டு, தன்னினும் மிகப் பெரிய எஞ்சின்களோடு மோத நேரும். ஒரு காரின் தலைவிதியை முடி கனத்து வேறுபாடு தீர்மானித்துவிடுகிறது! அரை மில்லிமீட்டர் கடைந்தாலன்றித் தேய்மானம் மறையாது என்றால், அகலக் கடைந்து உருக்குக் குழாய் போன்ற ‘ஸ்லீவ்’ செருகி, பழைய 68க்கே திரும்புவதுதான் வழி. செலவு அதிகம், ஆனால் பலமுறை கடைந்து சுவர் மெலிந்த பிளாக்குக்கும் அதுவே மறுபிறவி.

ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது வேறொரு வழி. அளவு மீறினால் எஞ்சின் தட்டும், ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை விழும். ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதையில் ஆக்ஸிலேட்டரை முழுதாய் மிதித்தபடி செல்லும்போது இவ்வகைக் குறை மறைந்திருக்க இடமில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்கவே உள்நாட்டில் பிஸ்டன் வேண்டுமே. இங்குதான் நம் சீமை வருகிறது. கடனாநதிக் கரையின் ஆழ்வார்குறிச்சியில் 1905இல் பிறந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். கணக்குத் துறையில் பயின்று, 1840இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனத்தில் நுழைந்து, பின்னர் அதன் தலைமைக்கே வந்தார். அவருடைய அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் சென்னை செம்பியத்தில் தோன்றியது. இன்னொருவர் 1877இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கி, மோட்டார் வணிகத்திலும் உதிரிப்பாகத்திலும் வளர்ந்தது அவர் நிறுவனம். போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுக் கலன்களையும் அது தயாரித்தது. அந்த வாயுவோடு வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் கரித்தூள் சிலிண்டரை அரிக்கும் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவ்விருவரும் பந்தயத்துக்காக இவற்றைச் செய்தவர்கள் அல்லர். லாரிக்கும் பேருந்துக்கும் செய்தார்கள். சோழவரம் அந்த விருந்தின் மிச்சத்தில் உண்டது என்பதே நம் கருத்து. பந்தயத்தைச் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. ஓட்டியவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் கால் மில்லிமீட்டரா அரை மில்லிமீட்டரா என்று மைக்ரோமீட்டரைப் பிடித்துச் சொன்னவர் லேத் பட்டறைக்காரர். கோப்பையில் அவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இந்த நெடிய கேள்விக்குப் புதிய விடை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், எண்பதுகளின் இறுதியில், 1983இல் வெளிவந்த மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஓர் இருக்கை மட்டுமே கொண்ட பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று பெயர். எல்லோருக்கும் ஒரே சிறு எஞ்சின். தேய்ந்தால் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும். வேகத்தைப் பிளாக்குக்குள் தேடுவதை விட்டு, எடையிலும் வளைவிலும் தேடச் சொன்ன முடிவு அது. பின்னாளில், 2005இல், பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இக்காரைத்தான். அதைக் காணக் கரிவர்தன் இல்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார்.

மூன்று சிலிண்டர் கொண்ட அந்த மாருதி எஞ்சினின் துளை 68.5 மி.மீ. பழைய பியட்டை அரை மில்லிமீட்டர் கடைந்தால் வருகிற அதே அளவு. மாருதி 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. மிஞ்சிய பிளாக்குகளைக் கடைவதா, ஸ்லீவ் போடுவதா என்று கேட்டுக்கொண்டு இனிப் பட்டறை வாசலில் நிற்கப்போகிறவர்கள் அதன் அன்பர்கள்.