உரிமமும் உரிமையும்

"குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்பது நம் பழமொழி. பேச்சு விடிந்தால் போகலாம். போதையில் ஓட்டிய வண்டி இரவில் செய்த தீங்கை எந்த விடியலும் போக்குவதில்லை. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் காலத்தில், குடித்தவன் தன்னையும் தன் குடும்பத்தையுமே பெரிதும் கெடுத்தான். மோட்டார் வந்த பின்னரோ, அவனை முன்பின் அறியாத வழிப்போக்கனும் அக்குடிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. அந்த வழிப்போக்கனைக் காக்கச் சட்டம் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

மோட்டார் பரவுவதற்கு முன்னரே, 1872ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, குடிபோதையில் குதிரை, கால்நடை, வண்டி, நீராவி எஞ்சின் ஆகியவற்றைச் சாலையில் நடத்திச் செல்வதைக் குற்றமாக்கியது. 1897 செப்டம்பர் 10ஆம் நாள், ஜார்ஜ் ஸ்மித் என்னும் வாடகை மோட்டார் ஓட்டி லண்டனில் ஒரு கட்டடத்தின்மீது வண்டியை மோதிப் பிடிபட்டார். குடித்து மோட்டார் ஓட்டியதற்காக முதன்முதல் கைதானவர் அவரே என்பர். அபராதம் செலுத்தியதோடு அவர் வழக்கு முடிந்தது. மோட்டார் ஓட்டுவோர் யாவரும் லைசென்ஸ் பெற வேண்டும் என்ற விதி அந்நாட்டில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் ஏற்பட்டது. கொடுக்கும் வழக்கம் வந்த பின்னரே பறிக்கும் தண்டனையும் உருப்பெற்றது. 1930ஆம் ஆண்டுச் சட்டம், குடித்து ஓட்டியவரை, தனிக் காரணம் இருந்தாலன்றி, 12 மாதம் வண்டி ஓட்டத் தகுதியற்றவராக்கியது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் பொருந்தும். லைசென்ஸ் என்பதை நாம் 'உரிமம்' என்று தமிழாக்குகிறோம். உரிமை என்னும் சொல்லோடு அதற்குள்ள உறவினால், அது நம் பிறப்புரிமை போலும் என்ற மயக்கம் எளிதில் உண்டாகிறது. லைசென்ஸ் என்னும் சொல்லின் லத்தீன் மூலத்திற்கோ 'அனுமதிக்கப்படுதல்' என்பதே பொருள். பொதுச் சாலையில் பிறர் உயிரோடு உறவாட, சமுதாயம் நிபந்தனையுடன் தரும் அனுமதி அது. நிபந்தனை மீறப்பட்டால் அனுமதி திரும்பப் பெறப்படும். இக்கருத்தே நாம் காணும் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாகும்.

இந்தியாவுக்கு வருவோம். 1914ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திற்குப் பின், 1939ஆம் ஆண்டில் விரிவான சட்டம் ஒன்று பிறந்தது. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குக் குடித்திருப்பதை அது குற்றமென்றது. ஆனால் அந்த அளவை எவ்வாறு அளப்பது? வாயில் மதுவாடை வீசிற்று, நடை தள்ளாடிற்று என்று சாட்சி சொல்வதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. பம்பாயில் எழுந்த ஒரு வழக்கில், இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத நிலையில், இத்தகைய அடையாளங்களை மட்டும் கொண்டு ஒருவர் போதையில் இருந்தார் எனத் துணிய இயலாது என 1971இல் உச்ச நீதிமன்றம் கருதியது. ஐயத்தின்மேல் ஒருவரைத் தண்டித்தல் முறையன்று. ஆகவே அளவுகோல் ஒன்று இன்றியமையாததாயிற்று.

அவ்வளவுகோலை அறிவியல் முன்னரே ஆக்கி வைத்திருந்தது. குருதியில் கலந்த மது நுரையீரல் வழியே மூச்சிலும் வெளிப்படுகிறது. அம்மூச்சை அளந்து குருதியின் நிலையைக் கணிக்கும் கருவியொன்றை 1954இல் அமெரிக்கரான இராபர்ட் போர்க்கென்ஸ்டைன் அமைத்தார். குருதியில் இருக்கத்தகும் மதுவின் அளவை 1936இலேயே நார்வே சட்டத்தில் வரையறுத்திருந்தது. பிரிட்டன் 1967இல் 100 மில்லிலிட்டர் குருதிக்கு 80 மில்லிகிராம் என வரம்பு கட்டியது. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், 1994இல் செய்த திருத்தம் அவ்வரம்பை 30 மில்லிகிராமாக அமைத்தது. நம் வரம்பு எத்துணைக் கடுமையானது என்பதை நேயர்கள் ஒப்பிட்டுக் காணலாம்.

எனினும், வரம்பு கட்டியதனால் மட்டும் உயிர்கள் காக்கப்பட்டுவிடவில்லை. 2006 நவம்பர் 12ஆம் நாள் வைகறையில், மும்பை பாந்திராப் பகுதியின் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது ஒரு கார் ஏறிற்று. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். ஓட்டியவருக்கு விதித்த மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெருநகர நடைபாதைகளில் துயில்வோருள் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவர் மிகப் பலர். நாமும் அவ்வாறு வந்தவர்களே ஆதலின், இச்செய்தியை வேறெவருக்கோ நேர்ந்த துன்பமாக எண்ணி விடுவதற்கில்லை.

இறந்தாரைத் தண்டனை மீட்பதில்லை. ஆகவே விபத்து நேருமுன்பே தடுப்பதற்கு லைசென்ஸையே பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்து ஓட்டுவோரின் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்குமாறு 2015இல் மாநிலங்களைப் பணித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதற் குற்றத்தின் அபராதத்தை, 2,000 ரூபாய் வரை என்பதிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. மீண்டும் அதே குற்றம் புரிந்தால் இரண்டாண்டு வரை சிறை, 15,000 ரூபாய் அபராதம். இவையன்றி, குற்றவாளி எனத் தீர்க்கும் நீதிமன்றம் குறைந்தது ஆறு மாதம் அவரைத் தகுதி நீக்கம் செய்தே ஆக வேண்டும். லைசென்ஸ் வழங்கும் அதிகாரியும், ஓட்டியவரின் விளக்கத்தைக் கேட்டபின், முதன்முறை மூன்று மாதம் தகுதி நீக்கலாம். மறுமுறை லைசென்ஸையே ரத்துச் செய்யலாம்.

இத்தண்டனை எல்லோர்மீதும் ஒரே எடையுடன் விழுவதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. சொந்தக் காரில் உலாவும் செல்வர்க்கு ஆறு மாதத் தடை ஓர் அசௌகரியம். ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டு அவர் காலங் கழிப்பார். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்டு நாடெங்கும் செல்லும் லாரி ஓட்டிக்கோ அது ஆறு மாத அடுப்பு. சட்டம் இவ்வேற்றுமையைக் கணக்கிடுவதில்லை. கொடிதெனத் தோன்றினும், சாலையில் படுத்திருப்பவனுக்கு அவ்விருவர் வண்டியும் ஒன்றே என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயின் ஓய்வும் உறக்கமும் இன்றி ஓட்டிகளை விரட்டும் முதலாளிகளும் இப்பொறுப்பில் பங்கேற்றல் நீதியாகும்.

மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நாம் ஒன்றை மனத்திற் கொள்வோமாக. ஓரிடத்தில் பெற்ற லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும். ஓரிடத்தில் விதித்த தகுதி நீக்கமும் அவ்வாறே எங்கும் தொடரும். அதனை மறைத்து வேறிடத்தில் புதிது பெறுவதும், தடைக் காலத்தில் வண்டி எடுப்பதும் தனிக் குற்றங்கள். விருந்தோ விழாவோ, ஒரு மிடறேனும் அருந்தியிருப்பின் சாவியை அருந்தாதவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் பின் இருக்கையில் அமர்ந்து வீடு சேர்வோமாயின், இச்சட்டங்கள் எவையும் நம்மைத் தேடி வாரா.