வீழ்ந்த சிலையும் எழுந்த அணியும்

குரங்கணியிலிருந்து மலையேறினால் டாப் ஸ்டேஷன். அதற்கும் அப்பால் மூணாறு. ஒரு காலத்தில் அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தன. அதே தோட்டங்களில்தான் வெள்ளைக்காரத் துரைமார்களின் கால்பந்து தமிழ்த் தொழிலாளர்களின் ஆட்டமாகவும் ஆயிற்று. 1941இல் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி அதற்குச் சான்று. எனவே இந்த ஆட்டம் நம் மலைச்சரிவுகளுக்கு அந்நியமானதன்று. ஆயினும் உலகெங்கும் உள்ள வழக்கமே இங்கும்: கோல் அடித்தவன் பெயர் பேச்சில் தங்குகிறது; தடுத்தவன் பெயர் தங்குவதில்லை. தடுப்பாட்டக்காரனை நாம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவன் தவறிய கணத்தினால்தான்.

தமிழகத்துக்குப் பயிற்சியாளராக வந்த ஒரு தடுப்பாட்டக்காரரை இந்த வழக்கத்துக்கு வெளியே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் மார்கோ மட்டெராசி.

1973இல் இத்தாலியின் லெச்சே நகரில் பிறந்தவர். தந்தை ஜூசெப்பேயும் கால்பந்துப் பயிற்சியாளர். மகனுக்கு எதுவும் எளிதில் கிடைத்துவிடவில்லை. மர்சாலா, திராப்பானி போன்ற சிறிய அணிகளில் ஆடித்தான் மேலே வந்தார். 1998-99இல் இங்கிலாந்தின் எவர்டன் அணிக்கு ஆடிய ஒரே பருவத்தில் மூன்று முறை சிவப்பு அட்டை பெற்றார். இத்தாலிக்குத் திரும்பி, 2000-01 பருவத்தில் பெருஜா அணிக்காக 12 கோல்கள் அடித்தார். இத்தாலியின் முதல்நிலை லீகில் ஒரு தடுப்பாட்டக்காரர் ஒரே பருவத்தில் அத்தனை கோல்கள் அடித்தது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. முரட்டுத்தனமும் திறமையும் பிரிக்க முடியாதபடி அவரிடம் கலந்திருந்தன.

2006 ஜூலை 9, பெர்லின். உலகக் கோப்பை இறுதியாட்டம். ஏழாவது நிமிடத்தில் அவர் செய்த தவற்றுக்கு வழங்கப்பட்ட பெனால்டியை ஜிடேன் கோலாக்கினார். பன்னிரண்டு நிமிடங்கள் கழித்து மட்டெராசியே தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஜிடேன் அவர் மார்பில் தலையால் மோதி வெளியேற்றப்பட்டார். பெனால்டிகளில் மட்டெராசி தன் பங்கை அடித்தார்; இத்தாலி வென்றது. ஜிடேனின் சகோதரியைக் குறித்து இழிவாகப் பேசியதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதற்கு இரண்டு ஆட்டங்கள் தடையும் பெற்றார். அந்தச் சொல்லை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆட்டத்தில் தவறும் அதைச் சரிசெய்ததும் அவரிடம் நிகழ்ந்திருக்க, உலகம் எடுத்து வைத்துக்கொண்டதோ அவர் வீழ்ந்த காட்சியை மட்டுமே. 2012இல் பாரிஸின் பொம்பிடூ மையத்துக்கு வெளியே அக்காட்சி ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாகவே நின்றது.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, ஆடுபவரும் பயிற்றுபவருமாகச் சென்னையின் எஃப்சி அணிக்கு வந்தார். முதல் ஆண்டு லீக் பட்டியலில் முதலிடம். அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 0-3 எனத் தோற்ற அணி, சென்னையில் அதே மூன்று கோல்களைத் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்தின் இறுதியில் கேரளம் அடித்த ஒரு கோலில் எல்லாம் முடிந்தது.

2015 இன்னும் கடுமையான ஆண்டு. நான்கு லீக் ஆட்டங்களே மீதமிருந்தபோது எட்டு அணிகளில் சென்னை கடைசி இடத்தில் இருந்தது. அந்த நான்கையும் வென்று மூன்றாம் இடம் பிடித்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம் நகரை மூழ்கடித்தது. வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் இருந்த நகரில் ஆட்டம் நடத்த இயலாமல், சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேக்கு மாற்றப்பட்டது. சொந்த மண் இல்லாமலே கொல்கத்தா அணியை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கினார்கள். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் சுயகோல். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசாவின் கோல். 3-2.

அதை அதிர்ஷ்டம் என்போர் உண்டு. சுயகோலில் அதற்கும் பங்கிருக்கிறது. ஆனால் கடைசி இடத்திலிருந்து நான்கு வெற்றிகள் அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. தாக்குபவன் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். தடுப்பவனின் தவறோ உடனே கோலாகிப் பலகையில் ஏறிவிடுகிறது. அதைச் சுமந்தபடியே மிச்ச நேரத்தை அவன் ஆடியாக வேண்டும். பெர்லினில் பன்னிரண்டு நிமிடங்களில் மட்டெராசி செய்ததும் அதுவே. அந்தப் பாடத்தை ஓர் அணிக்கு அவரால் கற்றுத்தர முடிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

வெற்றி நிலைக்கவில்லை. 2016இல் சென்னை ஏழாமிடம்; 2017இல் அவர் விலகினார். அடுத்து வந்த ஆங்கிலேயர் ஜான் கிரிகரி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் இரண்டாவது கோப்பையை வென்றார். அந்த 3-2 வெற்றியில் இரண்டு கோல்களைத் தலையால் முட்டி அடித்தவர் மைல்சன் அல்வெஸ் என்ற தடுப்பாட்டக்காரர்.

அடிபட்டு வீழும் மனிதனைச் சிலையாக்குவது எளிது. ஒரு கணம் போதும். எழுந்து அடுத்த ஆட்டத்துக்குப் போவதற்குப் பல மாதங்கள் பிடிக்கின்றன. அதை வெண்கலத்தில் வார்க்க இயலாது. எழுத்திலாவது அதற்கு இடம் இருக்கட்டும்.