எலும்பு கற்பித்த பாடம்



பல் போனால் சொல் போச்சு என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. தாடை எலும்பில் உலோகத் திருகை ஊன்றி, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறை இன்று பரவியுள்ளது. அது எப்படி வந்தது, அதில் நேரும் கேடுகளை எப்படித் தவிர்ப்பது என்று இன்று காண்போம்.

1952ஆம் ஆண்டு. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். பின்னர் அதைக் கழற்ற முயன்றார், முடியவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் டைட்டேனியத் திருகுகளை ஊன்றினார். 2006இல் லார்சன் மறையும்வரை அவை பயன்பட்டன.

அதற்கு முன் பிறர் ஊன்றிய உலோகங்கள் பல ஆடிப்போயின. எலும்பு ஒட்டுமுன் அவற்றின்மேல் கடித்ததும் ஒரு காரணம். ஆகவே பிரோனமார்க் திருகை ஈறுக்குள் மூடிவைத்து, சில மாதங்கள் ஆறவிட்ட பிறகே பல்லைப் பொருத்தினார். கன்று நட்ட மறுநாளே பால்மரத்தை நாம் சீவுவதில்லை அல்லவா?

துளையிடும் சூடும் பகையே. எலும்பு 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே கேடுறும் என்பதை 1983இல் சுவீடன் ஆய்வாளர்கள் முயல்களில் கண்டனர். அதனால்தான் மருத்துவர் நீர்விட்டுக் குளிர்வித்தபடி துளையிடுகிறார். கீழ்த்தாடை நரம்பில் கருவி பட்டால் உதடு மரத்துப்போகும். எனவே முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்து, நரம்பு ஓடும் இடத்தை அறிகிறார்.

இனி நம் பங்கு. உலோகம் சொத்தையாகாது, ஆனால் அதைத் தாங்கும் எலும்பு கரையும். அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். பின் சீழ் வைக்கும். பெரும்பாலும் வலி இராது என்பதே ஆபத்து. ஆகவே நாள்தோறும் இருவேளை துலக்குவோம். இடுக்குகளையும் சுத்தம் செய்வோம். நோவில்லாவிட்டாலும் குறித்த காலத்தில் மருத்துவரிடம் காட்டுவோம். புகையையும் புகையிலையையும் விடுவோம். நீரிழிவைக் கட்டுப்படுத்துவோம். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துவோம்.

கூச்சத்தால் புகைப்பழக்கத்தையோ நோயையோ மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால், பிள்ளைகள் சேர்த்த பணமும் போகும், பல்லும் போகும். இம்முறை ஒத்துவராதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கழற்றி மாட்டும் பல்செட்டும் உதவும்.

பொறுமையும் தூய்மையும் இருந்தால் ஊன்றிய பல் நிலைக்கும்.