கீற்றுக் கூரையும் கையொப்பமும்

மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகி, தீக்கடவுளுக்கு ஒரு நிபந்தனையும் போட்டாள். குழந்தைகள், முதியவர்கள், பசுக்கள் முதலானோரைத் தொடக்கூடாது என்றாள். சமணனாகிய எனக்கு இளங்கோவடிகள் மீது தனிப் பற்று உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த இடம் வியப்பானதுதான். சித்திரைப் பௌர்ணமிக்கு இடுக்கி எல்லையிலுள்ள மங்கலதேவி மலை ஏறும் நம்மவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கதையில் யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்ற கணக்கும் இருப்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வடமொழியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இதையே சட்டமாக எழுதியது. மைசூர் சாமா சாஸ்திரி 1909இல் அச்சிட்டதால் நமக்குக் கிடைத்த நூல் அது. வீட்டுக்காரன் தண்ணீர்க் குடங்கள், ஏணி, கோடாலி, கொக்கி எல்லாம் தயாராக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் பணம் அபராதம். வேனிற்காலத்தில் நண்பகல் வேளையில் அடுப்பு மூட்டக்கூடாது. தீப்பிடித்த வீட்டைக் காப்பாற்ற ஓடாத சொந்தக்காரனுக்குப் பன்னிரண்டு பணம், குடியிருப்பவனுக்கு ஆறு பணம் தண்டம். புல்லும் பாயும் வேய்ந்த கூரையை அகற்றவும் அதில் விதி உண்டு. ஆக, கூரை ஆபத்து என்பது நேற்று கண்டுபிடித்த சங்கதி இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கூரைக் கொட்டகை ஒன்று எரிந்தது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கட்டிய இடத்திலேயே மாண்டார்கள். 2004 ஜனவரி 23ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். இறங்குவதற்கு இருந்தது குறுகிய படிக்கட்டு. இவ்வளவும் நடந்த பிறகாவது காவிரிக் கரை ஊர்களில் எந்தெந்தக் கட்டடத்தின் மேல் கீற்று இருக்கிறது என்று யாராவது ஏறிப் பார்த்திருக்க வேண்டாமா? ஆறே மாதம்தான். அதே காவிரிக் கரையில், 2004 ஜூலை 16, ஆடி வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஸ்ரீ கிருஷ்ணா பள்ளி எரிந்தது.

முற்பகல் பதினொரு மணியை ஒட்டிக் கீழே சத்துணவுக் கூடத்தின் கூரையில் பிடித்த தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக்குத் தாவியது. காய்ந்த தென்னங்கீற்று எப்படி எரியும் என்று நம்ம எருத்தேன்பதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; தோப்பில் மட்டையைக் கொளுத்திப் பார்த்தவர்கள்தானே. கட்டிய கயிறு முதலில் எரியும், பிறகு கூரை மொத்தமாகக் கீழே உட்காரும். அப்படி உட்கார்ந்தது பிள்ளைகளின் தலைமேல். 94 குழந்தைகள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள், நெருக்கடியான படிக்கட்டு.

என் மனதை அதிகம் அறுப்பது வேறொன்று. அன்று கல்வி அலுவலர் பார்வையிட வருகிறார் என்பதால், தலைக்கணக்குக் காட்டுவதற்காக ஆங்கில வழிப் பிள்ளைகளையும் தமிழ் வழி வகுப்பில் சேர்த்து உட்கார வைத்தார்கள் என்று பின்னர் சொல்லப்பட்டது. அதாவது ஆய்வு என்ற ஒன்று இல்லாமல் இல்லை. ஆய்வு எண்ணியது தலைகளை. அந்தத் தலைகளுக்கு மேலிருந்த கூரையை அது பார்க்கவில்லை.

சட்டமும் இல்லாமல் இல்லை. பொதுக் கட்டடங்களுக்கு உரிமம் வழங்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1965லேயே வந்துவிட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் கல்வித்துறை அலுவலர்களும் இருந்தார்கள், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளரும் இருந்தார். பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூலை 30இல், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை விதித்து 11 பேரை விடுவித்தது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தத் தண்டனையையும் வெகுவாகத் தளர்த்தியது. பெற்றவர்கள் எப்படித் தாங்கினார்களோ.

கும்பகோணத்தை முன்வைத்துத் தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரல் 13இல் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியும் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்கு அதைக் கையாளப் பயிற்சி வேண்டும், கட்டடச் சான்று தருபவர் முறையாகச் சோதித்துத் தர வேண்டும் என்றது. நான் வியாபாரி; சோதனை எப்படி நடக்கும் என்று ஓரளவு தெரியும். சிவப்பு உருளையில் தொங்கும் சீட்டில் தேதி பார்ப்பார்கள். அந்த உருளைக்கு முன்னால் எத்தனை மூட்டை அடுக்கியிருக்கிறது, அவசரத்தில் கை எட்டுமா என்று கேட்பவர் அபூர்வம்.

கேரளத்தில் இதெல்லாம் நடக்காது என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10இல் வெடிவிபத்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே மாவட்ட நிர்வாகம் போட்டி வெடிக்கட்டுக்கு அனுமதி மறுத்தே எழுதியிருந்தது. கும்பகோணத்தில் வேண்டாத இடத்துக்குச் சான்று இருந்தது. பரவூரில் கூடாது என்ற காகிதம் கையில் இருக்கவே வெடி வெடித்தது. இரண்டில் எது கொடுமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இங்கே ஒவ்வொரு ஆண்டும் ஜூனில் பள்ளி திறக்குமுன் உள்ளாட்சிப் பொறியாளரிடம் கட்டடத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் அது உண்டு. பெற்றோர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். பார்த்த கையோடு சமையல் கூடம் வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், மாடிக்கு எத்தனை படிக்கட்டு, கம்பிக் கதவுக்குப் பகலில் பூட்டு போடுகிறார்களா என்று நேரில் ஒரு நடை நடக்கலாம். பஞ்சாயத்தில் தரத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய். மலையாளத்தில் எழுத வராதே என்று பின்வாங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுத இடம் தருகிறது.