தோஷிபா மடிக்கணனிகள்: ஓமே தொழிற்சாலையிலிருந்து ஐந்தொகை வரை

நேயர்களே, கணக்கு எழுதுகிறவன் கணனியின் வரலாறு சொல்ல வருவதேன் என்று கேட்பீர்கள். தோஷிபா மடிக்கணனியின் கதை பாதி பொறியியல், மீதி கணக்கியல். அந்த இரண்டாவது பாதிதான் என்னை இதற்குள் இழுத்தது.

1980களின் தொடக்கத்தில் "தூக்கிச் செல்லக்கூடிய கணனி" என்று விற்கப்பட்டவற்றைத் தூக்குவதற்கு நல்ல தோள் வேண்டும். 1981 இல் வந்த ஒஸ்போர்ண் 1 சுமார் 11 கிலோ. 1983 இல் வந்த கொம்பாக் கணனி ஏறக்குறைய 13 கிலோ. தையல் இயந்திரத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது போலத்தான் அதைக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மின்சாரம் இல்லாவிட்டால் அதுவும் பயனில்லை. 1982 இல் வந்த கிரிட் கொம்பஸ் மெல்லியது, அழகானது. அதன் விலை 8150 டொலர். விண்வெளி ஓடத்தில் போகிறவர்களுக்கு அது சரி. கடைக்கணக்கு எழுதுகிறவர்களுக்கு எட்டாது.

யப்பானில் தோஷிபா அப்போது பெரிய கம்பனி. 1955 இல் தானாக நின்றுவிடும் மின்சாரச் சோற்றுப்பானையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான் என்பதை நம் வீட்டுப் பெண்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். ஆனால் தனிநபர் கணனியில் அவர்களுக்குக் கை வரவில்லை. மேசைக் கணனிகளைச் செய்து வெளிநாடுகளில் விற்கப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். இந்த நிலையில் தெற்சுயா மிசோகுச்சி என்ற பொறியியலாளர், ஐ.பி.எம். கணனியின் மென்பொருட்களை அப்படியே ஓட்டக்கூடிய, மடியில் வைக்கத்தக்க கணனி ஒன்றைச் செய்யலாம் என்று தலைமையகத்திடம் கேட்டார். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? மறுத்துவிட்டார்கள். திரும்பவும் கேட்டார். திரும்பவும் மறுத்தார்கள்.

மிசோகுச்சி விடவில்லை. ரோக்கியோவுக்கு மேற்கே சுமார் 50 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஓமே தொழிற்சாலையில், வேறு வேலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்திலிருந்தும் ஆட்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பத்துப் பொறியியலாளர்களை இதற்கு இருத்தினார். தலைமையகத்தின் பாதீட்டில் இந்த வேலைக்கு ஒரு வரிகூட இல்லை.

செய்ததை விற்க ஆள் வேண்டுமே. ஐரோப்பாவில் தோஷிபாவின் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்த அற்சுதோஷி நிஷிதா முன்வந்தார். இவர் சாதாரணக் கம்பனிக்காரர் அல்லர். பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய அரசியல் தத்துவம் படித்தவர். ஈரானியப் பெண்ணை மணந்து ஈரானுக்குப் போய், அங்கே தோஷிபாவோடு கூட்டாக நடந்த கம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். 1975 இல், முப்பத்தொரு வயதில், தோஷிபாவுக்குள் வந்தார். அந்த வயதில் வெளியிலிருந்து ஒருவரைச் சேர்ப்பது அந்நாளைய யப்பானில் அரிது. நாடு மாறி, தொழில் மாறி, பிந்தித் தொடங்கிய மனிதர். நம்மில் பலருக்கு அந்த நிலை விளங்கும். ஓராண்டுக்குள் ஐரோப்பாவில் 10,000 கணனிகளை விற்றுக் காட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

1985 இல் ரி-1100 என்ற பெயரில் அது ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடை 4.1 கிலோ. இன்ரெல் 80சி88 செயலி, வேகம் 4.77 மெகாஹேர்ற்ஸ். நினைவகம் 256 கிலோபைற். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது காணாது. வன்தட்டு இல்லை. மூன்றரை அங்குல பிளொப்பி ஒன்று. உள்ளேயே மின்னேற்றக்கூடிய பற்றரி. திரை திரவப் பளிங்குத் திரை, பின்னொளி கிடையாது. விலை 2000 டொலர் மட்டில். உலகின் முதல் மடிக்கணனி இது என்று சிலர் எழுதுவார்கள். அது சரியல்ல. அதற்கு முன்னரும் இருந்தன. ஆனால் கடையில் வாங்கிய சாதாரண ஐ.பி.எம். மென்பொருள், தாங்கக்கூடிய விலை, பற்றரி, மடியில் வைக்கும் பருமன் என்ற நான்கையும் வியாபாரிகள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சேர்த்துக் கொடுத்தது இதுதான். 2013 இல் உலக மின்பொறியியலாளர் சங்கமான ஐ.ஈ.ஈ.ஈ. இதை ஒரு மைல்கல்லாக அறிவித்தது.

பெரிய சிக்கல் அந்தச் சின்ன பிளொப்பிதான். அந்நாளில் மென்பொருட்கள் எல்லாம் ஐந்தேகால் அங்குலத் தட்டில்தான் விற்பனைக்கு வரும். அந்தத் தட்டுக்கான பொறியை உள்ளே வைத்தால் கணனி தடித்துவிடும். மூன்றரை அங்குலம் வைத்தால் போடுவதற்கு மென்பொருள் இல்லை. கணக்காளர்கள் அப்போது உயிராக வைத்திருந்தது லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள். அது ஓடாத கணனியை எங்கள் தொழிலில் எவரும் தொடமாட்டார்கள். விற்பனையே ஆகாத கணனி ஒன்றுக்காக மென்பொருட் கம்பனிகளைச் சிறிய தட்டுக்கும் வரச்செய்ய வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. செயலியையும் திரையையும் காசு கொடுத்து வாங்கலாம். இதைக் கதைத்துத்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். வைத்தார்கள். 1986 இல் ஐ.பி.எம்மும் தன் மடிக்கணனிக்கு மூன்றரை அங்குலத்தையே எடுத்தது. பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நிஷிதா சொன்னபடி 10,000 விற்றார்.

இப்போது கணக்காளனாக ஒரு கேள்வி. மிசோகுச்சி செய்தது சரியா? புத்தகப்படி பிழைதான். ஒரு வேலைக்கு ஒதுக்கிய செலவை வேறொன்றுக்குத் திருப்பியிருக்கிறார். என் வாடிக்கையாளர் எவராவது இப்படிச் செய்துவிட்டு வந்தால் நான் எழுந்து நின்று கைதட்ட மாட்டேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் செலவு உண்மையான செலவு. சம்பளம் உண்மை, உதிரிப்பாகம் உண்மை, முடிவில் மேசையில் ஒரு பொருள் இருந்தது. பொருள் நன்றாக வந்ததால் மறைத்தது மன்னிக்கப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து இதே கணனிப் பிரிவிலிருந்து இன்னொரு மறைப்பு வெளியே வரும்.

ரி வரிசை வேகமாக வளர்ந்தது. 1986 இல் ரி-3100. செம்மஞ்சளாக ஒளிரும் பிளாஸ்மாத் திரை, 10 மெகாபைற் வன்தட்டு. ஆனால் பற்றரி இல்லை, சுவரில் செருக வேண்டும். 1987 இல் ரி-1000. எடை 2.9 கிலோ. எம்.எஸ்.டொஸ் இயங்குதளத்தை பிளொப்பியில் வைக்காமல் அழியாத நினைவகச் சில்லுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆளியைப் போட்டால் தட்டு எதுவும் இல்லாமல் எழும்பும். 1990களில் பழைய ரி-1000 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, நம்மவர் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கணக்கு எழுதியிருக்கிறேன். பிஸ்கற் தகரத்துக்குள் பில்கள் இருக்கும். அரிசி மூட்டைக்குமேல் கணனி இருக்கும். பின்னொளி இல்லாதபடியால் குளிர்பானப் பெட்டியின் வெளிச்சம் திரையில் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். ஆனால் கூட்டல் பிழைக்காது. அந்நாளில் அது பெரிய விஷயம்.

அதே 1987 தோஷிபாவுக்குக் கெட்ட ஆண்டு. ஏப்ரலில், கணனிச் சில்லு வியாபாரச் சண்டையில் றீகன் அரசு யப்பானிய மடிக்கணனிகள் உட்படச் சில பொருட்களுக்கு 100 வீத வரி போட்டது. அடுத்து, தோஷிபாவின் துணைக் கம்பனியொன்று நீர்மூழ்கிக் கப்பலின் உந்துவிசிறிகளைக் கடையும் இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்குத் தடையை மீறி விற்றது தெரியவந்தது. அமெரிக்கக் கொங்கிரஸ் உறுப்பினர்கள் வெளியில் வந்து ஒரு தோஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். (வானொலிக்காரராக அதைப் பார்க்க நமக்கு நெஞ்சு நோகும்.) யூலையில் தோஷிபாவின் தலைவரும் நிர்வாகத் தலைவரும் பதவி விலகினார்கள்.

மடிக்கணனி வியாபாரம் இதனால் சாகவில்லை. 1989 இல் 2.7 கிலோவில், ஒரு ஏ4 தாளின் அளவில் டைனாபுக் வந்தது. விலை 198,000 யென். 1994 தொடக்கம் 2000 வரை ஏழு ஆண்டுகள் உலக மடிக்கணனி விற்பனையில் தோஷிபாதான் முதலிடம். நடுவில் 1999 இல், பிளொப்பியைக் கட்டுப்படுத்தும் சில்லில் தரவு பிழைக்கக்கூடிய ஒரு குறை இருக்கிறது என்று ரெக்சஸில் போடப்பட்ட வழக்கை 210 கோடி டொலருக்குத் தீர்த்துக்கொண்டார்கள். அந்தக் குறையால் ஒரு வாடிக்கையாளரும் முறைப்பாடு செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தத் தொகைக்கு இணங்கினார்கள்.

2000க்குப் பிறகு விலை சரிந்தது. தாய்வான் கம்பனிகள் எல்லோருக்கும் பொருத்திக் கொடுத்தன. கணனிப் பிரிவு பெரும் நட்டத்தில் போனது. அதைத் தூக்கி நிறுத்த நிஷிதாவிடம் கொடுத்தார்கள். ஒரே ஆண்டில் இலாபத்துக்குக் கொண்டுவந்தார். 2005 இல் தோஷிபாவின் தலைவரானார். 2006 இல் அமெரிக்க அணுஉலைக் கம்பனியான வெஸ்ரிங்ஹவுசை 540 கோடி டொலருக்கு வாங்கினார். அந்தக் கம்பனி 2017 இல் வங்குரோத்தானது தனிக்கதை.

நம் கதை 2015 யூலையில் வெளியான விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அதை ஒரு உதாரணத்தால் சொல்கிறேன். நீங்கள் 10 ரூபாவுக்குத் துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுக்கிறீர்கள். துணியின் உண்மை விலை அடுத்த கடைக்காரனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, 50 ரூபாவுக்கு அவருக்கு விற்றதாக எழுதுகிறீர்கள். அவர் தைத்து, கூலி 10 சேர்த்து, 60 ரூபாவுக்குச் சட்டையை உங்களுக்கே திருப்பி விற்பார். நடுவில் தெரியும் 40 ரூபா இலாபம் அல்ல. சட்டை திரும்பி வரும்போது அது உங்கள் செலவாகவே வந்து சேரும். தோஷிபா செய்தது, உதிரிப்பாகங்களைத் தாய்வானுக்கு இப்படிக் கூடிய விலைக்கு விற்று, அந்த 40ஐ அந்தக் காலாண்டின் இலாபத்தில் சேர்த்ததுதான். இலாபம் காணாவிட்டால், காலாண்டு முடிவில் தேவைக்கு மிஞ்சிய பாகங்களை அனுப்புவார்கள். அடுத்த காலாண்டில் குழி விழும். அதை மூட இன்னும் கூட அனுப்புவார்கள். சில காலாண்டுகளின் கடைசி மாதத்தில் கணனிப் பிரிவின் இலாபம் அந்த மாத விற்பனையையே தாண்டியது. 100 ரூபாவுக்கு விற்று 100க்கு மேல் இலாபம். முதலாமாண்டு வர்த்தக மாணவன்கூடப் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் எண் அது.

மேலிருந்து இந்த அழுத்தம் "சலஞ்ச்" என்ற பெயரில் வந்தது. 2012 செப்ரெம்பர் கடைசியில், நிஷிதாவுக்குப் பின் தலைவராகியிருந்த நோரியோ சசாகி, இன்னும் மூன்று நாட்களில் 1200 கோடி யென் இலாபத்தைக் கூட்டிக் காட்டும்படி கணனிப் பிரிவிடம் கேட்டார். மூன்று நாளில் எந்தத் தொழிற்சாலையாலும் அவ்வளவு இலாபம் உழைக்க முடியாது. பேரேட்டால்தான் முடியும். 2008 முதல் 2014 வரை தோஷிபா கூட்டிக்காட்டிய இலாபம் 15,180 கோடி யென் என்றும், அதில் 5,920 கோடி கணனிப் பாகங்களில் வந்தது என்றும் விசாரணைக்குழு கணக்கிட்டது. நான்கு வகைகளில் மிகப் பெரியது அதுவே. அப்போதைய தலைவர் தனக்கா, சசாகி, நிஷிதா என்ற மூவரும் தம் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். கணக்காய்வு செய்த நிறுவனத்துக்கு 210 கோடி யென் தண்டம். தான் பிழை செய்யவில்லை என்றே சொல்லிவந்த நிஷிதா 2017 டிசெம்பரில் காலமானார்.

மிசோகுச்சியின் மறைப்பையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பனியின் குணமே அது என்பார்கள். நான் அதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். 1985 இல் கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களிடமிருந்து செலவை மறைத்தார்கள். பிடிபட்டால் வேலை போவது அவர்களுக்குத்தான். 2012 இல் மேலே இருந்தவர்கள் கேட்க, கீழே இருந்தவர்கள் செய்ய, பங்குதாரர்களிடமிருந்து நட்டம் மறைக்கப்பட்டது. அங்கே உழைத்தவர்களும், அந்தப் பங்குகளில் ஓய்வூதியத்தைப் போட்டிருந்தவர்களும் அதற்கு விலை கொடுத்தார்கள். ஆனால் முதல் மறைப்புக்குக் கிடைத்த பாராட்டு, "எப்படியாவது செய்து காட்டு" என்ற பேச்சுக்கு அந்த வீட்டில் இடம் கொடுத்திருக்கலாம் என்பதை மறுக்கவும் என்னால் முடியவில்லை.

2017 இல் ஓமே தொழிற்சாலை மூடப்பட்டு நிலம் விற்கப்பட்டது. 2018 இல் கணனிப் பிரிவின் 80.1 வீதத்தை ஷார்ப் கம்பனி ஏறக்குறைய 400 கோடி யென்னுக்கு வாங்கியது. அந்தக் கணக்கில் முழுப் பிரிவும் சுமார் 500 கோடி பெறும். கூட்டிக்காட்டிய பொய் இலாபம் அதைப்போல ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. 2019 இல் அதன் பெயர் டைனாபுக் என மாறியது. மீதிப் பங்குகளும் 2020 இல் ஷார்ப்பிடம் போயின.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் நிலவறையில் பழைய ரி வரிசைக் கணனி கிடந்தால் அதன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் உள்ளே இருக்கும் சுற்றுப்பலகையைத் தின்றுவிடும். பக்கத்தில் மூன்றரை அங்குலத் தட்டுகள் இருந்தால் எறியாதீர்கள். நம் சங்கங்களின், தமிழ்ப் பள்ளிகளின் முதற்கணக்குகளும் அங்கத்தவர் பட்டியல்களும் அவற்றில்தான் இருக்கின்றன. யூ.எஸ்.பி. பிளொப்பிப் பொறி ஒன்று என்னிடம் இருக்கிறது. 720 கிலோபைற் தட்டுகளையும் அது வாசிக்கும். நிகழ்ச்சி முடிந்து நான் நிலையத்தில் நிற்கும் நேரத்தில் கொண்டுவாருங்கள்.