ஒரு ரீசேர்ட்டும் நொய்யல் ஆறும்

அண்மையில் ஸ்டோவ்னர் சென்டருக்குப் போனேன். அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். "ஓக்கொலோகிஸ்க் இல்லாட்டி எனக்கு வேண்டாம் மாமா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பதினாறு வயது. நல்ல பழக்கம்தான், ஆனால் என் பர்ஸுக்கு நல்லதில்லை! கடைசியில் ஒன்று கிடைத்தது. வெளியே பச்சை அட்டை, உள்ளே சின்ன எழுத்தில் "இந்தியாவில் செய்யப்பட்டது".

இந்தப் பச்சைச் சொல் துணிக்கடைக்குள் எப்படி வந்தது? ஒரு தலையிடியில் இருந்து. 1988இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பட்டகோனியா நிறுவனம் ஒரு கடை திறந்தது. அங்கு வேலை செய்தவர்களுக்குத் தலையிடி வந்தது. தேடிப் பார்த்தபோது, பருத்தி உடுப்புகளில் இருந்த ஃபோர்மல்டிஹைட் என்ற இரசாயனம் காற்றில் கலந்திருந்தது. பருத்தி எப்படி விளைகிறது என்று அவர்கள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான். 1996இல் தங்கள் பருத்தி முழுவதையும் இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்திக்கு மாற்றினார்கள்.

அதே தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை எந்த அட்டையும் சொல்வதில்லை.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க 1992இல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். அதே காலத்தில் திருப்பூர் உலகத்துக்கே ரீசேர்ட் தைக்கும் ஊராக வளர்ந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஆற்றில் விழுந்தது, அணையில் தேங்கியது.

இங்கே கொஞ்சம் இரசாயனம். பருத்தியில் சாயம் நன்றாகப் பிடிக்க நிறைய உப்பு போடவேண்டும். கழிவுநீரின் நிறத்தைச் சுத்திகரிப்பில் எடுத்துவிடலாம். ஆனால் கரைந்த உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. கறியில் உப்புக் கூடினால் அம்மா என்ன சொல்லுவா என்று உங்களுக்குத் தெரியும், திருப்பி எடுக்கேலாது. கிணறுகள் உப்பாகின, நிலம் உப்பாகியது. கடைசியில் விவசாயிகளே "அணையைத் திறக்காதீர்கள்" என்று கேட்கும் நிலை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணை இது!

ஆற்றுக்காக நீதிமன்றம் போனது பிராண்டுகள் அல்ல, கீழ்ப்பக்கத்து விவசாயிகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. வேலை இழந்தவர்களுக்கு அது கொடுமையான வருடம். பிறகு, தண்ணீரை வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, உப்பைப் பிரித்தெடுக்கும் ஆலைகளோடுதான் தொழில் திரும்ப எழுந்தது. அதற்குச் செலவு அதிகம். மலிவு ரீசேர்ட் வாங்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன்.

சான்றிதழ்களின் கதை வேறு. கோட்ஸ் முத்திரைக்கு வயலைப் பற்றி மட்டுமல்ல, சாயத்தையும் கழிவுநீரையும் பற்றிய விதிகளும் உண்டு. ஆனால் 2020 ஒக்ரோபரில் அந்த அமைப்பே ஒரு மோசடியை அறிவித்தது. இந்தியாவில் 20,000 தொன் பருத்திக்குப் பொய்ச் சான்றிதழ்கள், அவற்றின் கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்தால் அரசாங்கத் தளம் போலவே செய்த போலித் தளம் திறக்கும். 11 நிறுவனங்களுக்குத் தடை விழுந்தது. ஐடி வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கியூஆர் என்பது வெறும் ஒரு முகவரி. அது உண்மைக்குச் சாட்சி இல்லை.

அடுத்தது எங்கள் நோர்வே. 2022 யூனில் இங்குள்ள நுகர்வோர் அதிகாரசபை, நொர்ரோனா நிறுவனம் தன் இயற்கைப் பருத்தி ரீசேர்ட்டுகளை விளம்பரம் செய்த விதம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று முடிவுசெய்தது. எச் அண்ட் எம் நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போனது. பிரச்சினை 'ஹிக்' என்ற கணக்கு. பட்டகோனியாவும் வால்மார்ட்டும் தொடக்கிவைத்த ஒரு கூட்டமைப்பு உருவாக்கியது அது. உலகச் சராசரி எண்களை எடுத்து, கடையில் தொங்கும் அந்த ஒரு ரீசேர்ட்டின் மேல் ஒட்டினால் அது ஆதாரம் ஆகாது என்றது சபை. எனக்கு அது சரியாகவே படுகிறது. சராசரிக்குள் நொய்யல் எங்கே தெரியும்? அந்த மாதமே கூட்டமைப்பு, வாங்குவோருக்கு அந்த எண்களைக் காட்டுவதை உலகம் முழுவதும் நிறுத்திவைத்தது.

2022 யூலை 1 முதல் இங்கே 'ஓப்பன்ஹெத்ஸ்லூவன்' என்ற வெளிப்படைச் சட்டமும் இருக்கிறது. பெரிய நிறுவனங்களிடம் யாரும் எழுத்தில் கேள்வி கேட்கலாம், பதினாறு வயதுப் பிள்ளையும்தான். பொதுவாக மூன்று கிழமைக்குள் பதில் வரவேண்டும். சட்டம் பேசுவது மனித உரிமையையும் வேலைச் சூழலையும், ஆற்றை அல்ல. ஆனாலும் கேட்டுப் பார்ப்போம் என்று அவளும் நானும் சேர்ந்து எழுதினோம். தைத்தது யார், சாயமிட்டது யார், அங்கே வேலை செய்பவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில் பதினேழாம் நாள் வந்தது. தைத்த ஆலை திருப்பூரில், முகவரியோடு. சாயமிட்ட இடம் பற்றி ஒரு வரியும் இல்லை. இரண்டாவது மின்னஞ்சலை அவளே எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன்.